இடத்தை முடிவு செய்வதற்கு முன் பணத்தைப் பேசுங்கள்

[திரையில்: கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழு. கடற்கரைப் படம், பனைமரம்.]

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்கள் ஏழு பேர் இந்தோனேசியாவின் பாலிக்குப் போவதாக முடிவு செய்தோம். குழு தொடங்கினோம், அதற்குப் பெயர் வைத்தோம், கடற்கரைப் படம் போட்டோம். இன்றும் அந்தக் குழுவில் பொங்கல் வாழ்த்து வருகிறது, தீபாவளி வாழ்த்து வருகிறது. பாலி மட்டும் வரவில்லை.

தேதி ஒத்துவரவில்லை என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டோம். உண்மையில் ஒருவருக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. “எனக்கு எந்த இடமானாலும் சரி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் குழுவிலும் அப்படிச் சொல்பவர் ஒருவர் இருப்பார். தனியாகப் பேசிப் பாருங்கள், உள்ளே ஒரு தொகை ஒளிந்திருக்கும். அதனால் இந்த வீடியோவில் இடத்தைப் பற்றிக் கடைசியில்தான் பேசப்போகிறேன்.

[திரையில்: ஆறு மூடிய உறைகள்.]

ரகசியம் காக்கத் தெரிந்த ஒருவரைப் பொறுப்பாளர் ஆக்குங்கள். ஒவ்வொருவரும் அவருக்கு மட்டும் ஒரே ஓர் எண்ணை அனுப்ப வேண்டும்: டிக்கெட், அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தன்னால் போடக்கூடிய அதிகபட்சத் தொகை. ஆறு பேரிடமிருந்து 1,000, 900, 800, 700, 600, 450 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இது 450 வெள்ளிப் பயணம். சராசரி பார்க்காதீர்கள். சராசரி ஏறக்குறைய 742. அதைக் கேட்டதும் ஆறில் மூன்று பேருக்குத் திடீரென்று “அலுவலக வேலை” வந்துவிடும். 450 என்று சொன்னவர் யார் என்பது பொறுப்பாளரோடு இருக்கட்டும். ஆயிரம் வைத்திருப்பவர் தன் செலவில் தனி அறை எடுத்துக்கொள்ளட்டும், யாருக்கும் நட்டமில்லை.

[திரையில்: நாள்காட்டி.]

அடுத்து தேதி. பிள்ளை பெற்றவர்களுக்கு ஜூனில் நான்கு வாரப் பள்ளி விடுமுறை, இல்லாவிட்டால் ஆண்டிறுதி விடுமுறை. டிக்கெட் விலை ஏறுவதும் அப்போதுதான். கட்டாய ராணுவப் பணி முடித்த தேசியச் சேவையாளருக்கு ஆண்டில் 40 நாள் வரை முகாம் பயிற்சி வரலாம். தைப்பூசத்தையும் பாருங்கள். 1968-க்குப் பிறகு அது இங்கே பொது விடுமுறை இல்லை என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். காவடி எடுக்க விரதம் இருப்பவரை அழைத்துப்போய் அவர் எதிரில் நண்டு உடைப்பது பாவம்.

[திரையில்: வெவ்வேறு நிறக் கடப்பிதழ்கள் (பாஸ்போர்ட்).]

நம் வட்டத்தில் ஒருவர் இங்கே பிறந்தவர், ஒருவர் நிரந்தரவாசி, ஒருவர் தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்தவர். பாலிக்குச் சுற்றுலா போகச் சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழுக்கு வருகை விசா உண்டு, 500,000 இந்தோனேசிய ரூப்பியா. போதாததற்கு, 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் எல்லாருக்கும் 150,000 ரூப்பியா கட்டணம். 450 என்று சொன்னவரிடம் இருப்பதும் இந்தியக் கடப்பிதழ் என்றால், அவருக்கு மட்டும் பயணம் இன்னும் கொஞ்சம் விலை கூடுகிறது. அதைக் குழுவாகப் பங்கிட்டுக்கொள்வதே முறை என்பேன். கடப்பிதழ் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுமா என்பதை எல்லாரும் பார்த்துவிடுங்கள்.

[திரையில்: படகு, பிறகு கடற்பாலத்தில் கார் வரிசை.]

இனி இடம். இந்தோனேசியத் தீவான பாத்தாம் என்றால் படகில் ஒரு மணி நேரம்தான். ஆனால் சிங்கப்பூரில் ஹார்பர்ஃபிரண்டிலிருந்தும் படகு உண்டு, தானா மேராவிலிருந்தும் உண்டு. “படகுத் துறையில் சந்திப்போம்” என்று மட்டும் எழுதினால் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கும். பாத்தாம் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. திரும்பும் நேரத்தைச் சொல்லும்போது எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சிங்கப்பூர்க் காரில் மலேசியாவின் மலாக்கா போகிறவர்கள், புறப்படும்போது எரிபொருள் கலனில் முக்கால் பங்காவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சோதனைச் சாவடியிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

[திரையில்: ஒரு குறிப்பேடு.]

இடம் முடிவானதும் தலைக்கு 150 வெள்ளி பொதுப் பைக்கு, வெள்ளிக்கிழமை இரவுக்குள் பேநவ் (கைப்பேசிப் பணப் பரிமாற்றம்) வழியாக. அனுப்பாதவர் வரவில்லை என்றே பொருள். கெஞ்ச வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். அறை, வாடகைக் கார், சேர்ந்து சாப்பிடும் சாப்பாடு இந்தப் பையிலிருந்து. பீர் இதில் சேராது. குடிக்காதவர் இரண்டு இரவு அமைதியாகப் பங்கு கொடுப்பார், மூன்றாம் இரவு தலைவலி என்று அறையிலேயே இருந்துவிடுவார். ஒருவர் முஸ்தஃபா கடையில் பணம் மாற்றியிருப்பார், இன்னொருவர் அட்டையில் கட்டுவார். கணக்குக்கு ஒரே மாற்று விகிதத்தை முதல் நாளே எழுதிவையுங்கள்.

கணக்கை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். திரும்பும் வழியில், உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வருவதற்குள் முடியுங்கள். ஆறு பேர் போட்டது 900, செலவு 862. மீதி 38 வெள்ளியில் மறுநாள் காலை தேக்கா சந்தையில் எல்லாரும் பசியாறலாம்.