ரோலப் வேகம்: எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது?

[காட்சி: சென்னைக் கடற்கரை நிலையம். தாம்பரம் வண்டி புறப்படத் தயாராக நிற்கிறது. கையில் செல்பேசி.]

எத்தீரியம் என்ற பிளாக்செயினின் (பலரும் பகிர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேடு) மேல் இயங்கும் 'ரோலப்' வலையமைப்புகளில் ஒன்று ஆர்பிட்ரம். இதே நடைமேடையில் நின்றபடி அதில் ஒரு சிறு தொகையை அனுப்பினேன். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டதாகக் காட்டியது. பிறகு அதே தொகையை, ஆர்பிட்ரத்தின் சொந்தப் பாலம் (இரு வலையமைப்புகளுக்கு இடையே பணத்தை நகர்த்தும் வசதி) வழியாக எத்தீரியத்துக்குத் திருப்பினேன். ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. அப்படியானால் ஆர்பிட்ரம் வேகமானதா, மெதுவானதா?

முதலில் எத்தீரியத்தைப் பார்ப்போம். அங்கே 12 விநாடிக்கு ஒரு பிளாக், அதாவது கணக்கேட்டில் ஒரு புதுப் பக்கம். பல ஆண்டுகளாக நொடிக்கு 15 பரிவர்த்தனைகளைச் சுற்றியே அதன் திறன் இருந்தது. ரோலப்கள் கணக்கு வேலையை வெளியே முடித்து, பல பரிவர்த்தனைகளை ஒரே மூட்டையாக எத்தீரியத்தில் எழுதுகின்றன. ஷேர் ஆட்டோ போல, கட்டணம் எல்லோருக்கும் பகிர்ந்து விழுகிறது. 2024 மார்ச் 13 அன்று வந்த டென்கூன் மேம்பாடு இந்த மூட்டைகளுக்கென்றே 'பிளாப்' என்ற தனி இடத்தைக் கொடுத்தது. சுமார் 18 நாளில் அழிந்துவிடும் தற்காலிக இடம் என்பதால் செலவு வெகுவாகக் குறைந்தது.

[காட்சி: பாரிமுனை. வங்கி ஒன்றின் வாசல்.]

இனி வேகம். காசோலையைப் போட்டால் கவுண்டர்ஃபாயிலில் உடனே முத்திரை விழும். அதைப் பார்த்துப் பணம் வந்துவிட்டதென்று கடைக்காரர் சரக்கை ஏற்றிவிட மாட்டார். கிளியரிங் ஆகட்டும் என்பார். ரோலப்பில் நமக்கு முதலில் கிடைப்பதும் அந்த முத்திரைதான். அதைப் போடுவது சீக்வென்சர், அதாவது பரிவர்த்தனைகளை வாங்கி வரிசைப்படுத்தும் கணினி. ஆர்பிட்ரத்தில் கால் நொடிக்கு ஒரு பிளாக், ஆப்டிமிசம் என்ற இன்னொரு ரோலப்பில் 2 நொடிக்கு ஒன்று. விளம்பரங்கள் ஒப்பிடுவது பெரும்பாலும் இந்தக் கடிகாரத்தைத்தான்.

இரண்டாவது கடிகாரம் எத்தீரியத்தில் ஓடுகிறது. மூட்டை அங்கே எழுதப்பட்ட பிறகு, வழக்கமான நிலையில், 32 பிளாக் இடங்கள் கொண்ட சுற்றுகள் இரண்டு கடக்க வேண்டும். கணக்குப் போட்டால் 12.8 நிமிடம். அதன்பின் அந்தப் பதிவை மாற்றுவது ஏறத்தாழ நடக்காத காரியம்.

மூன்றாவது, பணத்தை வெளியே எடுக்கும் கடிகாரம். ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் மூன்றும் ஆப்டிமிஸ்டிக் வகை ரோலப்கள். கணக்கு சரியென்று நம்பி, தவறிருந்தால் எதிர்த்து வாதிட ஏறக்குறைய ஏழு நாள் அவகாசம் தருகின்றன. என் பணம் காத்திருந்தது அதற்காகத்தான். ஸ்டார்க்நெட், இசட்கே-சிங்க் போன்ற வேறு வகை ரோலப்கள் கணக்கு சரி என்பதற்குக் கணிதச் சான்றையே அனுப்புவதால் அந்த ஏழு நாள் தேவைப்படுவதில்லை. சான்றைத் தயாரிக்கத்தான் நேரமும் கணினிச் சக்தியும் செலவாகின்றன.

[காட்சி: திரையில் இரண்டு எண்கள்: 21,000 மற்றும் 1,00,000.]

நொடிக்கு எத்தனை பரிவர்த்தனை என்ற எண்ணையும் நான் நம்புவதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருவருக்கு ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) அனுப்ப எத்தீரியத்தில் 21,000 கேஸ் (கணக்கு வேலையை அளக்கும் அலகு) போதும். ஒரு டோக்கனைக் கொடுத்து வேறொரு டோக்கனை வாங்க ஒரு லட்சத்தைத் தாண்டுவது சகஜம். எளிய பரிவர்த்தனைகளை மட்டும் ஓட்டிக் காட்டினால் எண் தானாக ஏறிவிடும். நொடிக்கு எவ்வளவு கேஸ் என்று கேளுங்கள். ஒப்பீடு ஓரளவு நேர்மையாகும்.

தேநீர் விலைக்கு முதல் கடிகாரமே எனக்குப் போதும். வீட்டு முன்பணம் என்றால் இரண்டாவது கடிகாரம் முடியும்வரை சாவியைக் கொடுக்க மாட்டேன்.