பட்டனை அழுத்தினால் அசைவே இல்லையா?

நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி, பொறுமையாகக் கோத்து, கேபினெட்டின் கடைசி ஸ்குரூவையும் முடுக்கியாயிற்று. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றவில்லை, விளக்கும் எரியவில்லை. உடனே ‘மதர்போர்டு போச்சு’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் பாகம் கெட்டிருப்பதைவிட, ஏதோ ஒன்று சரியாக மாட்டாமல் போயிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

முதலில் சுவரைப் பாருங்கள். அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகினால் கரன்ட் வருகிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து, எஸ்.எம்.பி.எஸ்., அதாவது பாகங்களுக்குக் கரன்ட் தரும் பவர் சப்ளைப் பெட்டியின் பின்பக்கச் சுவிட்ச். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். பழைய, விலை குறைந்த எஸ்.எம்.பி.எஸ். சிலவற்றில் 115, 230 என்று சிவப்பாக ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். நம் ஊருக்கு 230தான். 115இல் வைத்து ஆன் செய்தால் ‘டப்’பென்ற சத்தத்தோடு அதன் கதை முடிந்தது.

உள்ளே, மதர்போர்டுக்கு இரண்டு பவர் கேபிள்கள் போக வேண்டும். ஓரத்தில் மாட்டும் 24 பின் கேபிள் ஒன்று. புதுப் போர்டில் இது இறுக்கமாக இருக்கும். கொக்கி ‘டக்’கென்று விழும்வரை அழுத்த வேண்டும். முக்கால்வாசி இறங்கினாலே உட்கார்ந்துவிட்டது போலத்தான் தெரியும். இன்னொன்று பிராசஸருக்கு அருகே, மேல் மூலையில் மாட்டும் 8 பின். இது நாலும் நாலுமாகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வயரிங் வேறு. இறங்க மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். அதேபோல, கழற்றி மாட்டும் கேபிள்களை வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்துப் போடவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பக்க முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹார்ட் டிஸ்க்கே புகைந்துவிடலாம்.

இனி, கேபினெட் பட்டன். இதிலிருந்து வரும் மெல்லிய வயர், போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் சின்னப் பின்களில் மாட்டப்படுகிறது. பெரும்பாலான போர்டுகளில் ஒரு வரிசையில் ஐந்து பின்களும், மற்றதில் நான்கு பின்களோடு ஓர் இடம் காலியாகவும் இருக்கும். காலி இடம் உள்ள அதே வரிசையில், அதை ஒட்டி அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பின்கள்தான் பவர் சுவிட்சுக்கு உரியவை. போர்டின் மேனுவலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கேபினெட் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்குரூடிரைவர் நுனியால் அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கம்ப்யூட்டர் உயிர் பெற்றால் குறை பட்டனிலோ, வயர் மாட்டிய இடத்திலோதான். பட்டனே கெட்டிருந்தால், ரீசெட் வயரை அங்கே மாட்டிக் காலம் தள்ளலாம். சுவிட்ச் வயரை எந்தப் பக்கமாக மாட்டினாலும் வேலை செய்யும். விளக்குகளுக்குத்தான் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும்.

அதற்கும் அசையவில்லையா? எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதிக்கலாம். பின்பக்கச் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எல்லாக் கேபிள்களையும் பாகங்களிலிருந்து கழற்றுங்கள். 24 பின் முனையில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, கேபினெட் ஃபேன் ஒன்றை நேராக எஸ்.எம்.பி.எஸ். கேபிளில் மாட்டி, அதன்பிறகே பிளக்கைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சொந்த ஃபேனை மட்டும் நம்பக் கூடாது. லோடு குறைவாக இருந்தால் சுற்றாத மாடல்கள் உண்டு. மல்ட்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை காட்ட வேண்டும். ஊதா வயரில், பச்சையை இணைக்காமலேயே 5 வோல்ட் நிற்கும். வயர்கள் எல்லாமே கறுப்பாக இருந்தால் மேனுவலில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயுள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

எல்லாம் மாட்டிய கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு துடிப்பு துடித்து நின்றுவிட்டால், அது பெரும்பாலும் ஷார்ட்டின் அறிகுறி. எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொண்டு அணைகிறது. கேபினெட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களை (ஸ்டாண்ட்-ஆஃப்) எண்ணிப் பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு குமிழ் கூடுதலாக இருந்தால் அது அடிப்பக்கத்து ஈயப்பற்றை முட்டும். சந்தேகமிருந்தால் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம் மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். என்னைக் கேட்டால், கேபினெட்டுக்குள் ஏற்றும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

ஃபேன் எல்லாம் சுற்றி, திரை மட்டும் இருட்டாக இருந்தால் பவர் வந்துவிட்டது. டி.டி.ஆர். 5 ரேம் போட்ட போர்டுகள் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். டி-ரேம் என்று எழுதிய இடத்தில் குட்டி விளக்கு எரிந்தபடி இருக்கும். இடையில் அணைத்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.