பையன் விஷுவல் லேர்னராம், வீடியோ மட்டும் போதுமா?

வணக்கம். சைதாப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார், அப்படியே படிக்கிறேன். "என் மகன் பத்தாம் வகுப்பு. இணையத்தில் ஏதோ டெஸ்ட் எழுதினான், நீ விஷுவல் லேர்னர், அதாவது பார்த்துக் கற்பவன் என்று வந்ததாம். அன்றிலிருந்து புத்தகத்தைத் தொடுவதில்லை, எல்லாம் வீடியோதான். காலாண்டில் அறிவியலில் 48 மார்க். பெண் பிளஸ் ஒன், காமர்ஸ் குரூப். அவள் சத்தம் போட்டுத்தான் படிப்பாள். இருப்பது ஒரே ஹால், தினமும் சண்டை. அவரவர் பாணியிலேயே விடலாமா, மாற்ற வேண்டுமா?"

அம்மா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பையனைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். படம் பார்த்தால் சுலபமாகப் புரிகிறது என்று அவன் சொல்வது உண்மைதான். எனக்கும் அப்படித்தான். பிரச்சினை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

அந்த டெஸ்ட் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நியூசிலாந்தில் நீல் ஃப்ளெமிங் என்ற கல்வியாளர் 1987-இல் வார்க் என்ற கேள்வித்தாளை உருவாக்கினார். பார்ப்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்து பார்ப்பது என்று நான்கு வகை. இணையத்தில் சுற்றுகிற பல டெஸ்ட்டுகள் இந்த மாதிரிதான். அதில் தெரிவது பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பது. பிடித்த வழியில் சொல்லிக் கொடுத்தால் மார்க் கூடுமா என்பது வேறு கேள்வி. 2008-இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் நான்கு பேர் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள். பாணிக்கு ஏற்றபடி பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள்.

அப்படியென்றால் எதை வைத்து வழியைத் தேர்ந்தெடுப்பது? பாடத்தை வைத்துத்தான். சமூக அறிவியலில் வரைபடக் கேள்வி வருகிறது. எந்தப் பாணிக்காரனாக இருந்தாலும் வரைபடத்தைப் பார்த்து, இடத்தைக் குறித்துப் பழகித்தான் ஆக வேண்டும். தமிழில் மனப்பாடச் செய்யுளை வாய்விட்டுச் சொன்னால்தான் எதுகையும் மோனையும் அடுத்த அடியை இழுத்துக்கொண்டு வரும். கணக்கு கையால் போட்டால்தான் வரும். உங்கள் பெண்ணுக்கும் இதையே சொல்வேன். கணக்குப்பதிவியலை எவ்வளவு உரக்கப் படித்தாலும் பேரேடு எழுத வராது. குறிப்பேட்டிலிருந்து (ஜர்னல்) பேரேட்டுக்கு (லெட்ஜர்) அவள் கையாலேயே எடுத்து எழுத வேண்டும்.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். என்னிடம் ஒரு மாணவன் இருந்தான். குவிலென்சு பாடத்துக்கு ஒரே வீடியோவை நான்கைந்து தடவை பார்த்திருந்தான், நன்றாகப் புரிந்துவிட்டது என்றான். சரி, பொருள் 2F-இல், அதாவது குவியத் தொலைவைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தால் பிம்பம் எங்கே விழும், வரைந்து காட்டு என்று வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். முதல் கதிரை முதன்மை அச்சுக்கு இணையாகச் சரியாகப் போட்டான். லென்சைத் தாண்டியதும் பென்சில் நின்றுவிட்டது. அந்தக் கதிர் குவியம் வழியாகப் போக வேண்டும் என்பதை அவன் அத்தனை தடவை பார்த்திருக்கிறான், அவனாக ஒரு தடவைகூட வரைந்ததில்லை. அந்தப் பிள்ளையின் முகம் வாடியது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஏமாற்ற நினைத்த பையன் இல்லை அவன், தெரியும் என்று உண்மையாகவே நம்பியிருந்தான்.

இதற்கு ஓர் அருமையான பரிசோதனை இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் செய்தது. ஒரு குழுவுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, நான்கு தடவையும் படிக்க மட்டும் விட்டார்கள். இன்னொரு குழு முதல் தடவை மட்டும் படித்தது. மீதி மூன்று தடவையும் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். அவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே அம்மா, மாதங்கள் கழித்தல்லவா வருகிறது!

அதனால் வீடியோவைப் பிடுங்காதீர்கள். ஒரு பாடத்துக்கு ஒரு வீடியோ, பத்து நிமிடம். முடிந்ததும் போன் உங்கள் கைக்கு வர வேண்டும். அவன் வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து வரையட்டும். இதயத்தின் நான்கு அறைகள், ரத்தம் போகும் வழி, பாகங்களின் பெயர். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் எழுதட்டும். அதே படத்தை மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. படம் பிடிக்கும் என்கிறான் அல்லவா, படமாகவே செய்யட்டும். அப்புறம் பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளைப் புத்தகத்தை மூடிவைத்து எழுதச் சொல்லுங்கள். பொதுத்தேர்வில் அவன் எழுத்தில்தான் பதில் சொல்லப் போகிறான், அந்தக் கை இப்போதே பழக வேண்டும்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் வாசிக்கவே தயங்குகிறானா? வரி தாவுகிறதா, எழுத்துகள் குழம்புகின்றனவா, வாயால் சொல்வதை எழுத முடியவில்லையா? அப்படியிருந்தால் இதைப் பாணி என்று விட்டுவிடக் கூடாது. முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். அடுத்து டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கென்றே சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கிறது. உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. அதற்குச் சான்றிதழ் வாங்கி, பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரத்தில் ஓடினால் நடக்காது, ஆகவே இந்த வாரமே பள்ளியில் கேளுங்கள்.

சரி, ஹால் சண்டை. பெண் சத்தம் போட்டுப் படிப்பதை நிறுத்த வேண்டாம். சாயங்காலம் மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். முடிந்தால் நீங்கள் சமைக்கும்போது பக்கத்தில் நின்று, புத்தகம் இல்லாமல் பாடத்தைச் சொல்லட்டும். உங்களுக்குக் காமர்ஸ் தெரிய வேண்டியதில்லை. "ஏன் அப்படி?", "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். தடுமாறுகிற இடத்தை அவளே கண்டுபிடித்துவிடுவாள். விடுமுறை நாளில் இருவரில் ஒருவரைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்புங்கள், உங்களுக்குப் பக்கம்தான். நம் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்க அங்கே தனிப் பகுதி இருக்கிறது. யார் போவது என்பதை அவர்களே முறைவைத்துப் பிரித்துக்கொள்ளட்டும்.