புதிய சிந்தனையை வளர்ப்பது வினவும் பழக்கமே: ஒரு பட்டிமன்ற உரை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, வலுவான வாதங்களை முன்வைத்து அமர்ந்திருக்கும் மாற்றணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

புதிதாகச் சிந்திக்கும் ஆற்றலைப் பெரிதும் வளர்ப்பது ஆழ்ந்த பாடப் பயிற்சியா, ஏற்றுக்கொண்ட கருத்துகளை வினவும் பழக்கமா என்பது இன்றைய தலைப்பு. வினவும் பழக்கமே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய மாற்றணித் தலைவர், பாடம் அறியாதவன் கேட்கும் கேள்வி வெறும் கூச்சல் என்றார். காலங்காலமாக நிலைத்த வழக்கம் ஏற்கெனவே சோதிக்கப்பட்டுவிட்டது என்றார். எதையும் கேள்வி கேட்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், மருத்துவரை நம்பாமல் வாட்ஸ்அப் வதந்தியை நம்பும் தலைமுறைதான் உருவாகும் என்றார். மூன்றும் அக்கறையோடு சொல்லப்பட்டவை என்பதால் மூன்றுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வயிறு எரிகிறது என்று யாராவது சொன்னால் நம் வீடுகளில் உடனே வரும் அறிவுரையை அனைவரும் அறிவீர்கள். "காரத்தைக் குறை, நேரத்துக்குச் சாப்பிடு, எதற்கும் கவலைப்படாதே, இல்லாவிட்டால் அல்சர் வந்துவிடும்." இது வீட்டுப் பெரியவர்களின் பேச்சு மட்டுமன்று. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகத்து மருத்துவக் கல்லூரிகளும் ஏறத்தாழ இதையே கற்பித்தன. அமிலம் மிகுவதாலும் மன அழுத்தத்தாலும் உணவுப் பழக்கத்தாலும் இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண் உண்டாகிறது என்பது பாடம். அவ்வளவு கடுமையான அமிலத்தில் எந்த நுண்ணுயிரும் குடியிருக்க முடியாது என்பது அந்தப் பாடத்துக்கு அடியில் யாரும் தொட்டுப் பார்க்காமல் கிடந்த நம்பிக்கை. 1970களில் சிமெடிடின் என்னும் மருந்து வந்தது. அமிலச் சுரப்பு குறைந்தது, புண் ஆறியது; மருந்தை நிறுத்தினால் பலருக்கு மீண்டும் வந்தது. அதற்கு முன்பு இரைப்பையின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்த காலமும் இருந்தது. ஆறிய புண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கேள்வி ஒவ்வொரு நோயாளியின் வடிவிலும் மருத்துவர் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தது.

1979ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியலாளர் ராபின் வாரன், இரைப்பையிலிருந்து எடுத்த திசுத் துணுக்கில் வளைந்த வடிவக் கிருமிகளைக் கண்டார். பிறகு, பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். 1982இல் 100 நோயாளிகளிடமிருந்து திசு எடுத்து அந்தக் கிருமியை வளர்க்க முயன்றார்கள். தட்டுக்குப் பின் தட்டாக எதுவும் வளரவில்லை. தொண்டைச் சளிச் சோதனையில் இரண்டு நாளில் கிருமி வளர்ந்துவிடும் என்பதால், இரண்டு நாளில் வளராத தட்டைத் தூக்கி எறிவது ஆய்வகத்தின் வழக்கம். அந்த ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் எறியப்படாமல் கூடுதல் நாட்கள் இருந்துவிட்டன; திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. இரண்டு நாள் என்ற விதி எங்கிருந்து வந்தது, அது இந்தக் கிருமிக்கும் பொருந்துமா என்று ஒருவர் முன்பே கேட்டிருந்தால் விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. படைப்பாற்றல் என்றதும் மேதையின் மூளையில் மின்னும் ஒளியை நினைக்கிறோம். பெரும்பாலும் அது இப்படி ஒரு சிறு விதியைக் கையில் எடுத்து, இதை யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்று கேட்கும் எளிய வேலைதான். எளிய வேலை என்பதாலேயே அதைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

வாரன் பாடம் படித்தவர்தானே என்று மாற்றணியினர் கேட்பார்கள். ஆம், தேர்ந்த நிபுணர். ஆனால் அவருக்கு முன் அதே பாடத்தை அதே தேர்ச்சியோடு படித்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1954இல் அமெரிக்காவில் எடி பால்மர் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரைப்பைத் திசுக்களை ஆராய்ந்து, இரைப்பையில் கிருமி வாழ்வதில்லை என்ற முடிவுக்கு வந்தார். அவர் பயன்படுத்திய சாயத்தில் அந்தக் கிருமி தெளிவாகத் தெரியாது. வாரன் வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். நடுவர் அவர்களே, பயிற்சி இருவருக்கும் இருந்தது. "தெரியவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒன்றா என்ற வினா ஒருவரிடம் மட்டுமே இருந்தது. பாடம் கண்ணைத் தருகிறது. எதைப் பார்க்கத் தேவையில்லை என்பதையும் அதே பாடம் சொல்லிவிடுகிறது. அந்த இரண்டாவது கட்டளையை மீற வினா வேண்டும்.

வதந்தி பற்றிய அச்சத்துக்கும் இதே வரலாற்றில் விடை இருக்கிறது. விலங்குகளிடம் செய்த சோதனை கைகூடாதபோது, 1984இல் மார்ஷல் முதலில் தன் இரைப்பை நலமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அந்தக் கிருமிகள் நிறைந்த கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தன. அவருடைய இரைப்பை அழற்சியுற்றிருந்தது, அங்கே கிருமியும் இருந்தது. அவருக்கு வந்தது அழற்சிதான், புண் அன்று. அதையும் அவர் மறைக்கவில்லை. அவர் செய்ததை எவரும் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தன் கேள்விக்கு வரும் விடை தனக்கு எதிராக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும் கட்டாயத்துக்கு அவர் தன்னை உட்படுத்திக்கொண்டார் என்பதைத்தான் சொல்கிறேன். வதந்தியைப் பரப்புபவர் அதைச் செய்வதில்லை. அவர் கேட்பதுபோல் தோன்றினாலும் விடையை முன்பே முடிவு செய்துவிட்டவர். வினவப் பழகிய பிள்ளை, வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்தும் "இதை யார் சோதித்தது?" என்று கேட்கும். பழகாத பிள்ளைதான் அதை நாற்பது பேருக்கு அனுப்பும்.

பெரும்பாலான இரைப்பைப் புண்களுக்கு அந்தக் கிருமியும் சில வலிநிவாரணி மாத்திரைகளுமே காரணம் என்பது இன்று மருத்துவப் பாடம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அமிலம் குறைக்கும் மருந்தோடு சேர்த்துச் சில வாரங்கள் கொடுத்தால் பலருக்கு நோய் திரும்புவதில்லை. வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, நிலைத்த வழக்கம் எல்லாம் சோதிக்கப்பட்ட வழக்கம் என்ற வாதத்துக்கு வருகிறேன். நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், ஒரு குத்துக்கு மூன்று நான்கு நாற்றாவது வைக்க வேண்டும் என்பவை நம் உழவர்கள் பலர் தலைமுறைகளாகப் பின்பற்றியவை. மடகாஸ்கரில் பணியாற்றிய லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1980களில் இளம் நாற்றை ஒற்றையாக, இடம்விட்டு நட்டு, நீரைக் குறைத்துப் பார்த்தார். தூர்கள் நிறையக் கட்டின. அந்த முறையே நம் நாட்டுக்கு வந்து, ஒற்றை நாற்று நடவு என்றும் செம்மை நெல் சாகுபடி என்றும் பெயர் பெற்றது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டுக் காயவிட்டு, நீர், களைக்குக் கோனோவீடர் என்னும் உருளைக் களைக்கருவி என்று நம் வேளாண் துறை இன்று பரிந்துரைக்கிறது. விளைச்சல் எவ்வளவு கூடும் என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. விதையும் நீரும் மிச்சமாகின்றன என்பதை நட்டவர்களே சொல்வார்கள்.

இங்கே நான் வலியுறுத்த விரும்புவது வேறு. வயலில் ஏன் நீரைத் தேக்கி வைத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால், அதற்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கிறது: நின்ற நீரில் களை முளைப்பது குறையும். முன்னோர் அறியாமையால் செய்யவில்லை. ஆனால் நீர் நிற்பது நெல்லின் தேவையைவிடக் களையை அடக்குவதற்கான வழி என்று தெரிந்த பிறகுதான், களையை வேறு வழியில் அடக்கினால் நீரைக் குறைக்கலாமே என்ற யோசனை பிறக்க முடியும். வினவுவது முன்னோரை அவமதிப்பது என்று மாற்றணித் தலைவர் வருந்தினார். ஐயா, அவர்கள் எதற்காகச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் செய்துகொண்டே போவதில்தான் எனக்கு மதிப்புக் குறைவு தெரிகிறது.

மாற்றணியின் இரண்டாம் பேச்சாளர், மாணவர் கடமையாக நன்னூல் "பாடம் போற்றல்" என்று சொல்வதை எடுத்துக்காட்டினார். அந்த நூற்பா அங்கே முடியவில்லை. வழக்கறிதலில் தொடங்கி, கேட்டவை நினைத்தலைச் சொல்லி, "வினாதல், வினாயவை விடுத்தல்" என்று போய், இவற்றைக் கடமையாகக் கொண்டால்தான் மடமை நன்கு நீங்கும் என்கிறது. நூல் எழுதுவோரின் எழுவகை மதங்களை, அதாவது கொள்கைகளை, அடுக்கும்போது உடன்படலுக்கு அடுத்ததாகவே மறுத்தலை வைத்ததும் அதே நன்னூல்தான். போற்றலை எடுத்துக்கொண்டு வினாதலை விட்டுவிட்டது நம் வகுப்பறைகளின் தேர்வு. நன்னூலை இயற்றிய பவணந்தியார் மீது அதை ஏற்ற முடியாது.

வகுப்பறையில் இதை எப்படிப் பழக்குவது என்பதற்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். மேனிலைப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை உண்டு. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும். ஒரு மாணவிக்கு 10.9 வருகிறது என்று வையுங்கள். பல பள்ளிகளில் அவள் அதை அழித்துவிட்டு, விடை 9.8க்கு அருகில் வருமாறு நேரத்தை மாற்றி ரெக்கார்டு நோட்டில் எழுதுவாள். முழு மதிப்பெண்ணும் பெறுவாள். பாடத்தைப் போற்றினாள், எதையும் கற்கவில்லை. மாறாக ஆசிரியர், "10.9 எப்படி வந்தது, கண்டுபிடி" என்று சொன்னால் என்ன ஆகும்? அவள் மீண்டும் ஊசலை ஆட்டுவாள். ஊசலை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியதால், இருபது அலைவுகள் என்று எழுதிய நேரத்தில் உண்மையில் பத்தொன்பதுதான் முடிந்திருந்தது என்று கண்டுகொள்வாள். அந்தப் பிழை ஒன்றே 9.8ஐ 10.9 ஆக்கப் போதுமானது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்பதைப் புத்தகம் சொல்லி மறந்திருப்பாள். தானே தேடிக் கண்டதை மறக்கமாட்டாள். அதைவிட, வராத விடைக்கும் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடலாம் என்ற துணிவு அவளுக்கு வந்திருக்கும். இதற்குப் புதிய கருவி தேவையில்லை, கூடுதல் நிதி தேவையில்லை. திருத்தப்பட்ட 9.8க்கு மதிப்பெண் தருவதை நிறுத்தி, விளக்கப்பட்ட 10.9க்கு மதிப்பெண் தர வேண்டும்.

அந்த மாணவிக்கு மதிப்பெண் உண்டு என்று நடுவர் கருதினால், தீர்ப்பு எங்கள் அணிக்கே உரியது. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.