செதுக்கிய சீன அரக்கு: வெட்டுச் சுவரில் என்ன தெரியும்?

அவையோருக்கு வணக்கம். திரையில் தெரிவது வட்டமான ஒரு சிவப்புப் பெட்டி, மூடி நிறைய பியோனி மலர்கள். மரத்தைச் செதுக்கிச் சிவப்புப் பூசியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இதில் மரம் உள்ளே மெல்லிய கூடு மட்டுமே. உளி பட்ட இடம் முழுவதும் அதன்மேல் ஏற்றிய பூச்சு.

நம் ஊர் வளையல் அரக்கு பூச்சி சுரப்பது, சூட்டில் இளகும். சீன அரக்கு மரப்பால். மா, முந்திரி, சேங்கொட்டை குடும்பத்து மரம் அது. சேங்கொட்டைப் பாலைப் போலவே இந்தப் பச்சைப் பாலும் தோலில் கொப்புளம் போடும். நன்றாக இறுகியபின் தொட்டால் ஒன்றும் செய்யாது, சூட்டிலும் உருகாது.

இது வெயிலில் காய்வதில்லை. பாலில் உள்ள நொதி ஈரக்காற்றில்தான் வேலை செய்யும். அதனால் 70 முதல் 80 சதவீத ஈரப்பதமும் 20 முதல் 30 டிகிரி வெப்பமும் உள்ள அறையில் வைத்து இறுக விடுவார்கள். கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டிச் சுருங்கும், உள்ளே பச்சையாகவே நிற்கும். ஆகவே மெல்லிய பூச்சு, இறுகும்வரை காத்திருப்பு, மறுபூச்சு. நல்ல பொருள்களில் இது நூறு தடவைக்கு மேலும் போகும். அத்தனை ஏற்றியும் கனம் சில மில்லிமீட்டர்தான். சிவப்பு நிறம் பாதரசம் சேர்ந்த கனிமமான சாதிலிங்கத்திலிருந்து வருகிறது. முழுக்கக் கல்லாவதற்குள் செதுக்கிவிட வேண்டும். காலம் கடந்தால் கத்தி பட்ட இடம் பொடிந்து சிதறும்.

சீனாவின் மிங் வம்சத்து யோங்லே பேரரசர் 1403-இல் ஜப்பானை ஆண்டுவந்த அஷிகாகா யோஷிமிட்சுவுக்கு இத்தகைய பொருள்களைப் பரிசாக அனுப்பினார். அவர் அரியணையைப் பிடித்ததோ 1402-இல். இத்தனை பூச்சு ஏற்றிச் செதுக்கி முடிக்க அந்த இடைவெளி போதாது. எனவே அவற்றில் பலவும் முந்தைய ஹோங்வூ ஆட்சியிலேயே தொடங்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பொருளின் அடியில் முத்திரையாகப் பொறித்த ஆட்சிப் பெயரை மட்டும் நம்பிக் காலம் சொல்லக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று. யோங்லே முத்திரை ஊசியால் கீறிய மெல்லிய கோடு, பின்னாளில் யாரும் கீறிவிடலாம். பின்னர் வந்த ஷுவாண்ட பேரரசர் கால முத்திரை கத்தியால் வெட்டிப் பொன் நிரப்பியது. பழைய யோங்லே கீறலின் மேலேயே அதை வெட்டிய பொருள்களும் உண்டு.

அதனால் முத்திரையைப் பிறகு பாருங்கள், முதலில் வெட்டுச் சுவரை, அதாவது செதுக்கிய பள்ளத்தின் பக்கவாட்டைப் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸை இதழின் ஓரத்தில் சாய்த்து வையுங்கள். பூச்சு அடுக்குகள் நூலிழைகளாகத் தெரியும். சிலவற்றில் சிவப்புக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு ஓடும்; எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறோம் என்று செதுக்குபவர் அறிய அது உதவும். மிங் தொடக்ககால வேலையில் வெட்டு விளிம்பை வழவழவென்று உருட்டித் தேய்த்திருப்பார்கள், விரல் தடையில்லாமல் வழுக்கும். 18-ஆம் நூற்றாண்டின் சியன்லோங் பேரரசர் காலத்து வேலை நுணுக்கம் மிகுந்தது, விளிம்பு கூர்மையாகவே நிற்கும். அந்தப் பழைய உருட்டலின் அழகுக்கு ஈடு இல்லை என்பது என் துணிபு. போலியாக அச்சில் வார்த்த ரெசின் பொருளில் அடுக்கே இராது. ஒரே இதழ் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வரும், பள்ளங்களில் காற்றுக் குமிழி தெரியும். சந்தேகம் தீர்க்கச் சுட்ட ஊசியைக் குத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பொருளும் கெடும், சாதிலிங்கம் சுட்டால் பாதரச ஆவியும் எழும்.

பழுது பெரும்பாலும் வறட்சியால் வருகிறது. ஏசி அறையில் காற்று உலர்ந்தால் உள்மரம் சுருங்கும், மேலுள்ள பூச்சு அதே அளவு சுருங்காது. வெடிப்பு விடும், பிறகு செதில் எழும்பும். ஈரப்பதத்தை 50 முதல் 60 சதவீதத்துக்குள் ஏறி இறங்காமல் வைத்திருங்கள். வெளிச்சம் 50 லக்ஸ் போதும். வெயில் பட்டு மங்கிய பரப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும், ஈரத்துணி பட்டால் அவற்றில் நீர் இறங்கி மேலும் கெடுக்கும். உலர்ந்த மென்தூரிகை போதும். எண்ணெயும் மெழுகும் பள்ளத்தில் தங்கித் தூசியைப் பிடித்துக் கறுக்கும். எழும்பிய செதில் உதிர்ந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒரு சிறு டப்பாவில் போட்டு, எந்த இதழிலிருந்து விழுந்தது என்று எழுதி, பெட்டியோடு சேர்த்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.