இருநூறு வெள்ளி குறைந்த வேலை

வணக்கம். அண்ணன்மாரே, அக்காமாரே, வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே! ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா கடைத்தெருப் பக்கம் போகாமல் இங்கே வந்தீர்களே, அதற்கே முதல் நன்றி.

சிங்கப்பூரில் குறைந்த சம்பளத்திலிருந்து நல்ல சம்பளத்துக்கு எப்படிப் போவது என்று என்னைப் பேசச் சொன்னார்கள். நான் போன வழி கொஞ்சம் கோணல் வழி. இருக்கிற சம்பளத்தைவிட 200 வெள்ளி, அதாவது 200 சிங்கப்பூர் டாலர், குறைந்த ஒரு வேலைக்கு மாறித்தான் நான் மேலே வந்தேன்.

2011ல் நான் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவுக் காவல். வயது 36. இரவு எட்டு முதல் காலை எட்டு வரை, மாதம் 26 நாள். அடிப்படைச் சம்பளம் சொற்பம். ஓவர்டைம் எல்லாம் சேர்த்தால் 1,500 வெள்ளி, அதில் மசேநி (மத்திய சேமநிதி) பிடித்தம் போக மிச்சம். உணவு இடைவேளை என்று தாளில் ஒரு மணி நேரம் கழிப்பார்கள். அந்த ஒரு மணி நேரமும் அதே மேசையில், அதே கேமரா திரைகளுக்கு முன்னால்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். அப்போது பாதுகாவல் துறையில் மாதம் 95 மணி நேரம் வரை ஓவர்டைம் பார்க்க விலக்கு இருந்தது. மற்றவர்களுக்கு 72 மணிதான் வரம்பு. அந்த விலக்கு 2021 ஜனவரியில்தான் போனது.

பார்க்கிறவர்கள் எல்லாம் “மேல படிங்க பிரதர்” என்பார்கள். எப்போது படிப்பது? மாலை வகுப்பு ஏழு மணிக்குத் தொடங்கும். எட்டு மணிக்கு நான் பணியில் இருக்க வேண்டும். காலையில் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். நான் தூங்கி எழுந்து முகம் கழுவும்போது அவர்கள் திரும்பி வருவார்கள். இரவெல்லாம் உழைத்து, பகலெல்லாம் படித்து, தூக்கமே இல்லாமல் ஜெயித்தவர்களின் கதைகளை மேடையில் நிறையச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதைகள் பிடிப்பதில்லை. ஜெயித்தவரை மட்டும்தான் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள், ரத்த அழுத்தம் வந்து பாதியில் விட்டவரைக் கூப்பிடுவதில்லை.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குக் கட்டடத்தில் மூன்று மாடி இருட்டாகிவிட்டது. பராமரிப்பு நிறுவனத்திலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர் வந்தார். சுவிட்ச் அறையைத் திறந்து முக்கால் மணி நேரத்தில் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். நான் டார்ச் லைட் பிடித்தேன். முடிந்ததும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். “நீங்கதான் போடணுமா?” என்று சும்மா கேட்டு வைத்தேன். “உரிமம் இருக்கிறவன்தான் போடணும்” என்றார். இரண்டு பேரும் கோப்பி குடித்தோம். போகும்போது, உதவியாளுக்கு ஆள் தேடுகிறோம், பகல் வேலை, ஆனால் 1,300 வெள்ளிதான் என்றார்.

வீட்டில் சொன்னேன். “ஏங்க, புத்தி கெட்டுப் போச்சா? ஏறுற சம்பளத்துக்குப் போவாங்க, இறங்குற சம்பளத்துக்கு யாராவது போவாங்களா?” என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். பன்னிரண்டு மணி நேரம், 26 நாள்: 312 மணி நேரம். 1,500 வெள்ளியை வகுத்தால் மணிக்கு 4 வெள்ளி 80 காசு. புது வேலை வாரம் 44 மணி நேரம், மாதம் ஏறக்குறைய 190. 1,300 வெள்ளியை வகுத்தால் 6 வெள்ளி 80 காசு. எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் என்ன விலைக்கு என்னை விற்றுக்கொண்டிருந்தேன் என்று.

ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணையை மணிக்கணக்கில் கட்ட முடியாதே. அதனால் உடனே ஓடிவிடவில்லை. அடுத்த எட்டு மாதம் கிடைத்த மாற்று ஷிஃப்ட் எல்லாம் எடுத்து 1,600 வெள்ளி ஒதுக்கினோம். மாதம் 200 துண்டு விழுந்தால் எட்டு மாதத்துக்குத் தாங்கும். அப்புறம்தான் ராஜினாமாக் கடிதம். பெரியவர் எட்டு மாதம் காத்திருந்தாரா என்று கேட்காதீர்கள். அவர் வேறு ஆளை வைத்துவிட்டார். அதே மாதிரி வேலை வேறு இடத்தில் கிடைத்தது.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் மாலை நேர மின்துறை வகுப்பு. சுற்றிலும் இருபது வயதுப் பையன்கள். ஆசிரியர் என்னைத்தான் உதவி ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டார், முதல் தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்கும்வரை. ஒரு பாடத்தில் தோற்று மறுபடி எழுதினேன். வயர் பிடிக்கக் கை பழகிவிட்டது, ஆங்கிலக் கேள்வித்தாள்தான் பழகவில்லை. என் மகள் உயர்நிலை ஒன்றில் இருந்தாள். அவள் கேள்வியைப் படித்துச் சொல்ல, நான் பதில் சொல்லிப் பழகினேன்.

2016ல் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் மின்பணியாளர் உரிமம் வந்தது. கீழ்நிலை உரிமம்தான், 45 கேவிஏ மின்சுமை வரை. அதற்கு மேல் 150 கேவிஏ வரை ஒரு நிலை, அதற்கும் மேல் பொறியாளர் நிலை. வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் என்னுடையது தாராளம். அந்த மாதமே சம்பளம் 2,600 ஆனது. என் கை முந்தின மாதமும் அதே வேலையைத்தான் செய்தது. இந்த மாதம் தாளில் என் பெயர் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அடுத்த வேலையைத் தேடும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த வேலையை உரிமம் இல்லாதவர் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறதா? பேருந்து ஓட்ட 4ஏ வகுப்பு உரிமம் வேண்டும். சுகாதார உதவியாளராக இருக்கும் அக்காமார் தாதிமைப் படிப்பு முடித்துத் தாதிமைக் கழகத்தில் பதிந்தால் என்ரோல்ட் நர்ஸ் ஆகலாம். ‘நல்லாப் பேசுவார், சுறுசுறுப்பு’ என்ற பெயர் நல்லதுதான், ஆனால் மேலாளர் மாறினால் அது போய்விடும். உரிமம் சட்டைப்பையில் இருக்கும்.

இங்கே எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது. துறை துறையாக, படிப்படியாக உயரும் சம்பள முறைதான். துப்புரவு 2014ல் தொடங்கியது, பாதுகாவல் 2016ல், சில்லறை விற்பனை 2022ல், உணவுத் துறை 2023ல். சாதாரணத் துப்புரவாளரின் அடிச்சம்பளம் 2023 ஜூலையில் 1,570 வெள்ளி, 2028ல் 2,420 ஆக வேண்டும். பாதுகாவல் அதிகாரிக்கு 2024ல் 2,650, 2028ல் 3,530. என் காலத்தை நினைத்தால் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது! தரை உயர்கிறது, நல்லது. தரை உயர்கிறதே என்று அதிலேயே பாயை விரித்துப் படுத்துவிடாதீர்கள். அந்த அட்டவணையில் மேற்பார்வையாளருக்குத் தனி வரிசை இருக்கிறது. அதற்கான பயிற்சிக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்களா என்று நாளைக்கே போய்க் கேளுங்கள்.

படிப்புக்குப் பணம்? 2016ல் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சித் திட்டத்தில் 500 வெள்ளி கொடுத்தார்கள். 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 4,000 வெள்ளி. இவை கட்டணத்துக்கு. ஆனால் நான் முதலில் சொன்ன சிக்கல் கட்டணம் இல்லையே, நேரம்தானே? அது புரிந்துதான் 2025ல் முழுநேரம் படிக்கும், 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு மாதப்படி வந்தது. உங்கள் சராசரி வருமானத்தில் பாதி, 3,000 வெள்ளிக்கு மேற்படாமல், மொத்தம் 24 மாதம் வரை. எல்லாப் படிப்புக்கும் கிடையாது, பட்டியலில் இருக்கிற படிப்புக்குத்தான். பாதி வருமானத்தில் வீடு நடக்குமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடாமல் வேலையை விடாதீர்கள். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும்.

சரி, கடைசி வரிசைத் தம்பிகளுக்கு வருகிறேன். ஊரிலிருந்து வொர்க் பெர்மிட்டில் வந்து கட்டுமானத்தில் இருப்பவர்களுக்கு நான் சொன்ன உதவித்தொகை ஒன்றுகூடப் பொருந்தாது. நேரமும் உங்கள் கையில் இல்லை, லாரி வருகிற நேரம்தான் உங்கள் நேரம். உங்களிடம் போய் ‘மாலை வகுப்பு’ என்று நான் பேசினால் அது பொய். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 முதல், நம் ஊரிலிருந்து வந்த அடிப்படைத் திறன் ஊழியருக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி லெவி, அதாவது வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்கான அரசாங்கக் கட்டணம், கட்டுகிறார். உயர்திறன் ஊழியர் என்றால் 500. நீங்கள் தேர்வு எழுதி உயர்திறன் ஆனால் அவருக்கு மாதம் 400 மிச்சம். அதில் எனக்கு எவ்வளவு என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்டால் தருவார்களா? சிலர் தருவார்கள். தராவிட்டால் இரண்டாவது விஷயம்: கட்டுமானத் துறையில் பெர்மிட் முடிவதற்கு முன் 40 நாளுக்கும் 21 நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளிக்கு மாறலாம். அந்த இருபது நாள்தான் உங்களுக்குத் திறக்கும் கதவு. பெர்மிட் முடிகிற தேதியைக் கைப்பேசியில் குறித்து, அதற்கு இரண்டு மாதம் முன்பே விசாரிக்கத் தொடங்குங்கள். ஏஜெண்டுக்குக் காசு கொடுக்கும் முன்னால் தெரிந்த அண்ணன் யாரிடமாவது ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் மனைவி இன்றைக்கும் அந்த நாள்காட்டித் தாளை அலமாரியில் வைத்திருக்கிறாள். சண்டை வந்தால் எடுத்துக் காட்டுவாள், “உங்க வகுத்தல் கணக்குக்கு நான்தான் எட்டு மாசம் சமையல்ல மிச்சம் பிடிச்சேன்” என்று. அதுவும் உண்மைதான்.

பின்னால் இருக்கும் மேசையில் கால்குலேட்டரோடு உட்காருவேன். சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள், மணிக்கு எவ்வளவு என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சீட்டே தருவதில்லை என்பவர்கள் முதலில் வாருங்கள். 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு தருவது கட்டாயம். வடையும் டீயும் வரப் பத்து நிமிடம் ஆகுமாம். அதற்குள் நாலு பேர் கணக்கை முடித்துவிடலாம்.