ஒரு லீட்டர் தண்ணீர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருகோணமலையில் கிராமம் கிராமமாகக் குடும்பநல மாதுவாக வேலை செய்துவிட்டு, பிறகு இரண்டு வருடம் மலாவியில் சுகாதாரத் தொண்டராக இருந்தேன். மலாவி ஆபிரிக்காவின் தென்கிழக்கில் இருக்கிறது. கடல் இல்லாத நாடு. ஆனால் கொட்டியாரக் குடாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு அங்கே கடல் இல்லை என்று தோன்றவே இல்லை. மலாவி ஏரி அவ்வளவு பெரிது. 500 கிலோமீற்றருக்கும் மேல் நீளம். நான் இருந்த ங்கோட்டாகோட்டாப் பக்கத்துக் கரையில் வள்ளங்கள் இழுத்து விட்டிருக்கும். தட்டிகளில் உசிப்பா என்ற சின்ன மீன் காயும். நம்முடைய நெத்தலி மாதிரித்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் மூதூர்க் கரைதான்.

காலை நாலரைக்கே முற்றம் கூட்டும் சத்தம் கேட்கும். அதோடு குழாய்க்கிணற்றின் கைபிடி கிறீச்சிடும் சத்தம். பெண்கள் அந்த நேரத்திலேயே வாளியோடு வரிசையில் நிற்பார்கள், நானும் நிற்பேன். ஊர்ச் செய்தியெல்லாம் அந்த வரிசையில்தான் கிடைக்கும். யாருடைய பிள்ளை இரவு முழுக்க அழுதது, யாருக்கு மாதம் நெருங்கிவிட்டது, எல்லாம். பதிவேட்டில் எழுத வேண்டியதில் பாதியை நான் தண்ணீர் வரிசையில்தான் அறிந்துகொண்டேன்.

பிறகு வீடு வீடாகப் போக வேண்டும். அங்கே யாருடைய வளவுக்குள்ளும் சும்மா நுழையக் கூடாது. வெளியே நின்று ‘ஓடி’ என்று குரல் கொடுக்க வேண்டும். நம் காதுக்கு யாரோ ஓடியதைப் பற்றிச் சொல்வது போல இருக்கும். அவர்களுடைய சிச்சேவா மொழியில் அது ‘உள்ளே வரலாமா’ என்ற கேள்வி. உள்ளேயிருந்து ‘ஓடினி’ என்று பதில் வந்தால்தான் காலெடுத்து வைக்கலாம். பிறகு நலம் விசாரிப்பு. நீங்கள் எப்படி? நான் நலம், நீங்கள்? நானும் நலம். நன்றி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று கேட்கலாம். முதல் மாதங்களில் எனக்கு இதற்குப் பொறுமை போதவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்ற இங்கத்தைய கணக்கு மனதில் இருந்தது. போகப் போகத்தான் விளங்கியது: அந்த இரண்டு நிமிடத்தில் அந்தத் தாய் என்னை எடைபோடுகிறாள். இவளிடம் உண்மையைச் சொல்லலாமா, வேண்டாமா என்று.

இனி, நான் எங்கே பேசப் போனாலும் சொல்கிற கதைக்கு வருகிறேன்.

ஒரு ஜனவரி மாதம், நல்ல மழை. ஒன்றேகால் வயதுப் பையன், வயிற்றோட்டம். தாய் மிகவும் இளையவள். நான் உப்புச் சர்க்கரைப் பக்கற் இரண்டு கொடுத்தேன். நாம் ஜீவனி என்கிறோமே, அதேதான். அங்கே அதன் பெயர் தான்சி. தான்சி என்றால் ஆரோக்கியம். ‘ஒரு லீட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரு பக்கற்றைக் கரைத்துக் கொடு’ என்றேன். அவளும் தலையாட்டினாள்.

மூன்றாம் நாள் பார்த்தால் பிள்ளையின் கண் குழிவிழுந்து கிடக்கிறது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெல்ல மெல்லத்தான் இறங்குகிறது. உடனே சைக்கிளில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். பிள்ளை பிழைத்துக்கொண்டான். அவன் வீடு திரும்பிய பிறகு நான் அவர்கள் வாசலில் போய் ‘ஓடி’ சொன்னேன். எப்படிக் கரைத்தாய் என்று கேட்கவில்லை. கரைத்துக் காட்டச் சொன்னேன். கேட்பதற்கும் காட்டச் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது நேயர்களே. அவள் ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கோப்பையை எடுத்து வந்தாள். அரை லீட்டர்கூடப் பிடிக்காது. முதல் பக்கற் முழுவதையும் அதில் கொட்டியிருக்கிறாள். உப்புக் கரிப்பில் பிள்ளை துப்பிவிட்டான். அடுத்த பக்கற்றைப் பயந்து பயந்து ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை என்று போட்டிருக்கிறாள். அது வெறும் தண்ணீர்தான்.

அந்தப் பிள்ளையிடம் ஒரு பிழையும் இல்லை, தாயைச் சொல்கிறேன், அவளும் பிள்ளைதான். லீட்டர் என்ற சொல்லை நான் சொன்னேன். அந்த வீட்டில் லீட்டர் இல்லை. அதைப் பார்க்காமல் வந்தது என் பிழை.

அப்போது அவளுடைய பாட்டி எழுந்து வந்தார். பாட்டிமாரை அங்கே அகோகோ என்பார்கள். வாய் வெட்டிய மஞ்சள் எண்ணெய்க் கான் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, ‘உன் லீட்டரை இதில் ஊற்று’ என்றார். என்னிடம் அரை லீட்டர்த் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. இரண்டு தரம் ஊற்றினேன். அகோகோ ஆணியை அடுப்பில் காய்ச்சி, தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் 19 பெண்கள் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். பானை, பேணி, வாளி, கான், ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒவ்வொன்றிலும் அகோகோதான் கோடு போட்டார். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இங்கேயும் தேநீர்க் கோப்பையில் அரைப் பக்கற் ஜீவனி கரைத்துக் கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். பக்கற்றில் ஒரு லீட்டர் என்றிருந்தால் ஒரு லீட்டர்தான். சர்க்கரை உப்பைக் கைபிடித்துக் குடலுக்குள் கூட்டிப்போகிறது, உப்பின் பின்னால் தண்ணீர் போகிறது. அளவு குழம்பினால் அந்தக் கைபிடி விட்டுப்போகும். 1971 இல் பங்களாதேஷ் போர்க்காலத்தில், மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியபோது, நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோயிற்று. டொக்டர் திலீப் மஹலானபிஸ் இந்தக் கரைசலைப் பீப்பாய்களில் கலந்து வைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்குப் பருக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. பருக்கியவர்கள் தாய்மாரும் சகோதரங்களும்தான்.

பக்கற் இல்லாத நேரத்துக்கு, பேனை இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீட்டர். தலைதட்டிய தேக்கரண்டியால் சீனி ஆறு. உப்பு அரைத் தேக்கரண்டி, அதுவும் தலைதட்டித்தான். மறுபடி சொல்கிறேன்: தண்ணீர் ஒரு லீட்டர், சீனி ஆறு, உப்பு அரை. கரைத்தது ஒரு நாளைக்குத்தான், மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். இன்றைக்கே வீட்டில் ஒரு பாத்திரத்தில் லீட்டர்க் கோட்டைப் போட்டு வையுங்கள்.

பசி மாதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே மாசி மாதத்தில் சோளக் களஞ்சியம் காலியாகிவிடும், புது அறுவடைக்கு இன்னும் நாள் கிடக்கும். மாமரத்தில் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளை நிறுப்போம், மேற்கையை நாடாவால் அளப்போம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கு 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் நாடாவில் சிவப்பு, அதாவது கடும் போசாக்கின்மை. நமக்குத் திரிபோஷாச் சத்துமா போல, அந்தப் பிள்ளைகளுக்கு நிலக்கடலைப் பசை. அதை விரிக்க இப்போது நேரமில்லை. கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார்.

மலேரியாவைக் கடைசியாக வைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். நுளம்புக்கு மலத்தியன் மருந்து அடிக்க வந்தவர்கள் சுவரில் விட்டுப்போன வெள்ளைத் திட்டு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 1963 இல் இந்த நாட்டில் மலேரியா வந்தவர்கள் 17 பேர்தான். அத்தோடு கவனம் தளர்ந்தது. 1969 இல் ஐந்து இலட்சத்துக்கும் மேல். பிறகு எவ்வளவோ பாடுபட்டு, 2016 இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. ஆனால் போனது கிருமி. நுளம்பு இங்கேயே இருக்கிறது. ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய்வந்த யாருக்காவது காய்ச்சல் கண்டால், வந்து மாதங்கள் ஆகியிருந்தாலும், வைத்தியரிடம் முதலில் போன நாட்டின் பெயரைச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக்குக் காசு இல்லை.

நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.